பருவுக்கென்று ஒரு சாயங்காலம்

சபிஹாவுக்குச் சிரிப்பு வருவது பம்புசெட்டில் தண்ணீர் வருவது மாதிரி. முதலில் இரண்டு மூன்று விக்கல் வரும். அடக்கப் பார்ப்பாள். முந்தானையை வாயில் வைத்துக்கொள்வாள். அப்புறம் ஒரேயடியாகக் கொட்டும். இடம், பொருள் எதுவும் அதற்குத் தெரியாது. ஒருமுறை பேங்க் மேனேஜர் அவளிடம் இன்சூரன்ஸ் பற்றி விளக்கிக்கொண்டிருந்தபோது, "நீங்க இறந்துட்டீங்கன்னா உங்களுக்கு உடனே போன் பண்ணுவோம்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அந்த பேங்க் பக்கம் போகவே அவளுக்குப் பயம். மேனேஜர் முகத்தைப் பார்த்தாலே வந்துவிடுமே.

முத்துப்பேட்டை ரோட்டில் இருக்கும் கோரைவாசல் சின்ன ஊர்தான், ஆனாலும் பேரூராட்சி. அங்கே மசூதித் தெருவில் அவள் வீட்டு முன்னறையே நைட்டிக் கடை. கணவர் ஜாஃபர் சாதிக் ஷார்ஜாவில் ஏ.சி. மெக்கானிக். ஒரே மகள் தஹ்மீனா எட்டாம் வகுப்பு. அந்தத் தெருப் பெண்கள் நைட்டி வாங்க மட்டும் அங்கே வருவதில்லை. மனசு கனத்துக் கிடந்தால் அரைமணி நேரம் உட்கார்ந்து சபிஹாவைச் சிரிக்கவைத்துவிட்டுப் போவார்கள்.

அந்த வார்டு பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்டபோது கட்சிக்காரர்கள் அவள் கடைக்கு வந்து நின்றார்கள். தேர்தலில் நிற்கச் சொன்னார்கள். அவள் சிரித்தாள். சம்மதம் என்று எடுத்துக்கொண்டு மாலையைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். ஜெயித்தும் விட்டாள். பதவியேற்பில் "உளமார உறுதி கூறுகிறேன்" என்ற இடத்தில் நாக்கு புரண்டு உலைமார என்று வந்துவிட, மீதி உறுதிமொழி பாதி சிரிப்பிலேயே முடிந்தது. தலைவர் இராஜாங்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ரைஸ்மில் வைத்திருப்பவர், கஞ்சி போட்ட சட்டைக்காரர். கெட்ட மனிதர் இல்லை. சத்தம் பிடிக்காது, அவ்வளவுதான். அன்றிலிருந்து மன்றக் கூட்டங்களில் சபிஹாவுக்குக் கடைசி நாற்காலி. தெருவிளக்கு, கொசு மருந்து, குடிநீர்க் குழாய் என்று பேச்சு ஓடும். அவள் கை தூக்கச் சொன்னால் தூக்குவாள்.

ஐப்பசி மழையில் எல்லாம் மாறியது. பெண்கள் மேல்நிலைப் பள்ளியின் கழிவறைக் குழாய் அடைத்து, தண்ணீர் பொங்கி, நேராகத் தலைவரின் ரைஸ்மில் வாசலில் வந்து தேங்கியது. நெல் மூட்டை இறக்க வந்த லாரிக்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போனார்கள். அடுத்த கூட்டத்தில் இராஜாங்கம் கோபத்தோடு செயல் அலுவலரைப் பிடித்துக்கொண்டார். குழாயை அடைத்தது எது என்று கேட்டார்.

செயல் அலுவலர் அச்சுதன் தேர்வு எழுதி வேலைக்கு வந்த இளைஞர். கல்யாணம் ஆகாதவர். கூச்சம் வந்தால் முதலில் காது சிவக்கும். துணி மாதிரியான ஒரு பொருள் என்றார். என்ன துணி என்றார் தலைவர். பஞ்சு கலந்த துணி என்றார் அச்சுதன். பஞ்சு மில்லே இல்லாத ஊரில் பஞ்சு எங்கிருந்து வந்தது என்று தலைவர் விடவில்லை. உறுப்பினர்கள் எல்லாரும் திடீரென்று மின்விசிறியை ஆராய ஆரம்பித்தார்கள். அச்சுதனின் காது இரண்டும் பழுத்த மிளகாயாகிவிட்டன.

கடைசி நாற்காலியில் முதல் விக்கல் கேட்டது. இரண்டாவதும் கேட்டது. அப்புறம் மடை திறந்துகொண்டது.

"என்னம்மா சிரிப்பு? தெரிஞ்சா நீங்களே சொல்லுங்க" என்றார் தலைவர்.

சபிஹா எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நாப்கின் தலைவரே. பிள்ளைங்க தீட்டுக்கு வைக்கிறது."

உறுப்பினர்கள் மறுபடி மின்விசிறிக்குத் திரும்பினார்கள். ஆனால் சபிஹாவுக்கு ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது, சிரிப்பும் சரி பேச்சும் சரி. அந்தக் கழிவறையில் குப்பைத்தொட்டியே கிடையாது என்றாள். பிள்ளைகள் கையில் வைத்துக்கொண்டா வகுப்புக்குப் போவார்கள், குழாயில்தான் தள்ளுவார்கள் என்றாள். கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாமல் ஒருத்தி பிடித்துக்கொள்ள ஒருத்தி உள்ளே போவதையும், அந்த நாட்களில் பாதிப் பேர் பள்ளிக்கூடமே வருவதில்லை என்பதையும் சொன்னாள். தஹ்மீனாவும் அப்படித்தான் என்று சொல்ல வந்து, மகள் முகம் ஞாபகம் வந்து, அதை மட்டும் விழுங்கிவிட்டாள்.

பேச்சை முடித்தால் போதும் என்றிருந்தது இராஜாங்கத்துக்கு. குழு ஒன்று போட்டு, வளரும் பிள்ளைகள் விஷயத்தில் பேரூராட்சி என்ன செய்யலாம் என்று ஒரு கொள்கையாகவே எழுதிக்கொண்டு வரச் சொல்லிவிட்டு, அடுத்த பொருளான தெருநாய்க்குத் தாவினார். குழு போட்டால் விஷயம் குழுவோடு தூங்கிவிடும் என்பது அவருடைய நீண்டகால அனுபவம்.

இந்தக் குழு தூங்கவில்லை. சபிஹா, இன்னொரு உறுப்பினரான வாலாம்பாள், நர்ஸ் கவிப்ரியா, எழுதுவதற்கு அச்சுதன். வாலாம்பாள் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வுபெற்றவர். பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்க, பெரிய வீட்டில் தனியாக இருந்தார். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை என்பது ஊர்ப்பேச்சு. கவிப்ரியா துணை சுகாதார நிலையத்துக்கு வந்து ஒரு வருடம் ஆகவில்லை. ஸ்கூட்டியில் தெருத்தெருவாகச் சுற்றுகிறவள்.

முதல் வரைவை அச்சுதன் எழுதிக்கொண்டு வந்தார். "மேற்படி பருவத்தினர் மேற்படி நாட்களில் பயன்படுத்தும் மேற்படி பொருளை மேற்படி இடத்தில் இடுவதற்கு மேற்படி தொட்டி" என்று இருந்தது. வாலாம்பாள் அதை முழுசாக ஒருமுறை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார். அவருடைய தோள் குலுங்க ஆரம்பித்தது. சபிஹா சேர்ந்துகொண்டாள். கவிப்ரியா சுவரைப் பிடித்துக்கொண்டாள். கடைசியில் அச்சுதனுக்கே தாங்கவில்லை. அன்று வேலை ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து அந்த நான்கு பேரும் எந்தச் சொல்லையும் காது சிவக்காமல் சொல்லப் பழகிவிட்டார்கள். மாதவிடாய், விந்து, கர்ப்பம் என்று அச்சுதன் தட்டச்சு செய்துகொண்டே உரக்கச் சொல்லிப் பார்ப்பார். எதிர் அறையில் வரி வசூல் செய்கிறவர் எழுந்து போய்க் கதவைச் சாத்துவார்.

பிள்ளைகளைக் கேட்காமல் பிள்ளைகளுக்கு எழுதுவது எப்படி என்று கவிப்ரியா கேட்டாள். கடையில் நைட்டி வந்த அட்டைப்பெட்டி இரண்டை எடுத்து, மேலே வாய் வெட்டி, ஆண்கள் பள்ளியில் ஒன்றும் பெண்கள் பள்ளியில் ஒன்றும் வைத்தாள் சபிஹா. பெயர் போடாமல் எதையும் கேட்கலாம் என்று எழுதி ஒட்டினார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாலாம்பாள் வீட்டுக் கூடத்தில் பெட்டிகளைக் கவிழ்த்தார்கள். ஆண் பிள்ளைகளின் பெட்டிதான் அதிகம் நிறைந்திருந்தது.

நெல்லுக்கு யூரியா மாதிரி மீசைக்கு ஏதாவது உண்டா என்று ஒருவன். என் குரல் காலையில் ஒன்றாகவும் சாயங்காலம் வேறாகவும் வருகிறது, தமிழ் ஐயா நான் வேண்டுமென்றே ஆடு மாதிரி வாசிப்பதாக அடிக்கிறார் என்று ஒருவன். தூக்கத்தில் துணி நனைந்துபோவது நோயா, ஆள் செத்துப்போவார்களா என்று பல பேர், பல விதமான எழுத்துப் பிழைகளோடு. நால்வரும் தரையில் உட்கார்ந்து சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். அப்புறம் பெண் பிள்ளைகளின் பெட்டியிலிருந்து வாலாம்பாள் ஒன்றை எடுத்து வாசித்தார். என் கூடப் படிக்கிற எல்லாருக்கும் வந்துவிட்டது, எனக்கு மட்டும் இன்னும் வரவில்லை, நான் பெண்தானா என்று இருந்தது. சபிஹாவின் சிரிப்பு நின்றது. இரண்டு பெட்டியிலும் திரும்பத் திரும்ப வந்த கேள்வி ஒன்றுதான்: இதையெல்லாம் யார்கிட்ட கேக்குறது?

கேட்பதற்கு ஆள் இருந்தது, கவிப்ரியா. இடமும் இருந்தது, துணை சுகாதார நிலையம். ஆனால் அதன் வாசலுக்கு நேர் எதிரே டீக்கடை. அந்த பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு டீயைவிட எதிர்வாசல்தான் முக்கியம். ஒரு பிள்ளை உள்ளே போனால் வெளியே வருவதற்குள் அது வீட்டுக்குத் தெரிந்துவிடும். ஒரு வருடத்தில் தானாக வந்த பிள்ளை ஒன்றுகூட இல்லை என்றாள் கவிப்ரியா. பின்பக்கம் வாசல் வைக்கலாமா என்றார் அச்சுதன். பின்பக்கம் போகிறவர்களை ஊர் இன்னும் உற்றுப் பார்க்கும் என்றார் வாலாம்பாள்.

சபிஹாவுக்கு விக்கல் வந்தது. மற்ற மூவரும் காத்திருந்தார்கள்.

"பரு" என்றாள். "மூஞ்சில வர்ற பரு. அதுக்குன்னு ஒரு சாயங்காலம் வெச்சிருவோம். பரு இல்லாத பிள்ளை யாரு இருக்கு? எல்லாரும் பருவுக்குத்தான் வருவாங்க. உள்ளே வந்து என்ன கேட்டா டீக்கடைக்கு என்ன?"

வாலாம்பாள் அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்து போய் எல்லாருக்கும் காப்பி கலந்துகொண்டு வந்தார்.

கொள்கை அப்படித்தான் உருவானது. பள்ளிக் கழிவறைகளுக்குத் தாழ்ப்பாளும், மூடி போட்ட தொட்டியும், நாப்கின் எரிக்கும் மிஷினும் பேரூராட்சிப் பொறுப்பு. வாரம் ஒரு சாயங்காலம் பரு மருத்துவம், உள்ளே பேசியது வெளியே போகாது. பருவ மாற்றம் பற்றி இரண்டு பள்ளியிலும் வகுப்பு. இதற்குமேல் ஒன்று இருந்தது. அதைச் சேர்க்கச் சொன்னவள் சபிஹா. பேரூராட்சிக்குச் சொந்தமான சமுதாயக் கூடத்தைக் கல்யாணத்துக்குக் கேட்டால், பெண்ணுக்குப் பதினெட்டு முடிந்ததற்குச் சான்று காட்டியாக வேண்டும்.

கார்த்திகையில் மன்றம் கூடியது. தாழ்ப்பாளும் தொட்டியும் யாரும் பேசாமலே நிறைவேறின. ரைஸ்மில் வாசல் எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது. பரு சாயங்காலத்துக்கு மன்றமே சிரித்தது. செல்போன் கடை வைத்திருக்கும் உறுப்பினர் சைபுல்லா, பெண் பிள்ளைகள் சரி, பசங்களுக்கு எதற்கு வகுப்பு என்று கேட்டார். யூரியா கேள்வியை வாலாம்பாள் முகம் மாறாமல் வாசித்துக் காட்டினார். சைபுல்லா மீசையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

கூடத்து விஷயம் வந்தபோது இராஜாங்கம் ஒத்திவைப்பு என்றார். ஏன் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். அவருடைய சித்தப்பா மகன் தன் பெண் அம்ருதாவுக்குத் தை மாதம், சம்பா அறுவடை முடிந்த கையோடு கல்யாணம் வைத்திருந்தார். கூடம் பேசியாகிவிட்டது. பெண் பன்னிரண்டாம் வகுப்பு. வயது பதினேழு. வீட்டு விஷயத்தில் பேரூராட்சி மூக்கை நுழைக்க வேண்டாம் என்றார் தலைவர். அதை மட்டும் எடுத்துவிட்டால் மற்றதெல்லாம் இன்றைக்கே முடிந்துவிடும் என்றும் நயமாகச் சொன்னார். மற்றவர்கள் சபிஹாவைப் பார்த்தார்கள். எடுத்துவிடு என்பது போலத்தான் இருந்தது பார்வை.

அவள் எழுந்தாள். சிரிப்பு வந்துகொண்டிருந்தது. இந்த முறை அவள் அடக்கவில்லை.

"எனக்குப் பதினேழுல நிக்காஹ் ஆச்சு தலைவரே. அன்னிக்கும் இப்படித்தான் சிரிச்சுக்கிட்டே இருந்தேன். பொண்ணுக்கு எவ்வளவு சந்தோஷம் பாருன்னு எல்லாரும் பேசிக்கிட்டாங்க. பயத்துல சிரிச்சேன். அடுத்த வருஷம் ஒரு பிள்ளை வயித்துலயே போச்சு. உன் உடம்பு இன்னும் பிள்ளை உடம்புதாம்மான்னு டாக்டரம்மா சொன்னாங்க. அதுக்கும் சிரிச்சேன். அந்தம்மா திட்டிட்டாங்க."

 ஓட்டுக் கூரை மேல் மழை வலுத்தது.

"இதையெல்லாம் சிரிச்சுக்கிட்டே சொல்றீங்களேம்மா" என்றார் இராஜாங்கம்.

"வேற எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியலீங்க."

இராஜாங்கம் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். எடுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, ஓட்டுக்கு விடுங்கள் என்று அச்சுதனிடம் சொன்னார். முதலில் வாலாம்பாளின் கை உயர்ந்தது. அடுத்து சைபுல்லா. ஒவ்வொன்றாக உயர்ந்தன. இரண்டு பேர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கடைசியாக, யாரும் எதிர்பாராமல், தலைவரும் கையைத் தூக்கினார். தூக்கியவர் அதை இறக்க மறந்துபோய்க் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார்.

அன்று சாயங்காலமே குடையைப் பிடித்துக்கொண்டு சித்தப்பா மகன் வீட்டுக்குப் போனார் இராஜாங்கம். இங்கே கூடம் இல்லை என்றால் திருத்துறைப்பூண்டியில் மண்டபம் பார்த்துக்கொள்கிறேன் என்று அவர் எகிறியதையும், அங்கே நடந்தாலும் சட்டம் சட்டம்தான், நானே புகார் கொடுக்கும்படி ஆகிவிடும் என்று இவர் சொன்னதையும் பிற்பாடு ஊரே பேசியது. அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றது. கல்யாணமும் நின்றது. அம்ருதா பரீட்சை எழுதி, மன்னார்குடிக் காலேஜில் சேர்ந்தாள். அவள் அப்பா இன்றுவரை ரைஸ்மில் பக்கம் போவதில்லை, நெல்லை வேறு மில்லுக்கு அனுப்புகிறார்.

கொள்கை பேப்பரில் இருந்தால் போதுமா, ஊருக்குச் சொல்ல வேண்டுமே. பேரூராட்சியிடம் இருந்தது குப்பை வண்டி. தினமும் காலையில் மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பாடிக்கொண்டு தெருத்தெருவாகப் போகும். அதில் அறிவிப்பைச் சேர்க்கலாம் என்று அச்சுதன் யோசனை சொன்னார். குரல் சபிஹாவுடையதே இருக்கட்டும் என்றாள் கவிப்ரியா.

"அன்பான மாணவ மாணவிகளே, செவ்வாய்தோறும் மாலை, துணை சுகாதார நிலையத்தில், முகப்பரு முதலான" என்பது வரை நன்றாகத்தான் பதிவானது. "முதலான" என்று சொல்லும்போது எதிரே அச்சுதன் ரொம்ப முக்கியமான முகத்தோடு தலையாட்டிவிட்டார். விக்கல் வந்தது. மீதி முழுவதும் சிரிப்பு, நடுநடுவே வார்த்தை. மறுபடி பதிவு செய்யலாம் என்று செல்போனை அங்கேயே விட்டுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வருவதற்குள், வண்டி ஓட்டுகிறவர் அதைத் தன் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

காலையில் ஊரே வாசலுக்கு வந்தது. மக்கும் குப்பை முடிந்ததும் சபிஹா சிரித்தாள். பஜாரில் சிரித்தாள், கோயில் தெருவில் சிரித்தாள், மசூதி வாசலில் சிரித்தாள். கேட்டவர்களும் சிரித்தார்கள். குப்பை கொட்டாதவர்கள்கூட வாளியோடு வந்து நின்றார்கள். மதியத்துக்குள் அது வாட்ஸ்அப்பில் ஏறி ஷார்ஜா போய்ச் சேர்ந்தது.

ஜாஃபர் சாதிக் ராத்திரி கூப்பிட்டபோது சபிஹா பயந்துகொண்டேதான் போனை எடுத்தாள். அவர் நிறையப் பேசமாட்டார். ரூமில் எல்லாரும் அதைப் போட்டுக் கேட்டார்கள் என்றார். என்ன சொன்னார்கள் என்று அவள் கேட்டாள். ஊர் ஞாபகம் வந்துவிட்டது, இன்னொரு தடவை போடு என்றார்களாம். "நான் அத ரிங்டோனா வெச்சிருக்கேன்" என்றார் அவர். இத்தனை வருடக் குடும்பத்தில் அவர் சொன்னதிலேயே ரொம்பப் பெரிய வார்த்தை அதுதான் என்று சபிஹாவுக்குப் பட்டது.

தஹ்மீனாதான் தாயோடு பேச்சை விட்டாள். பள்ளியில் அவளைப் பரு கவுன்சிலர் மகள் என்று கூப்பிட்டார்களாம். சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். குப்பை வண்டி வரும் நேரத்துக்குத் தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டாள். சபிஹா கெஞ்சிப் பார்த்தாள், பிரியாணி செய்து பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

முதல் செவ்வாய்க்கிழமை, நான்கு பேர் வந்தாலே பெரிது என்று கவிப்ரியா நினைத்திருந்தாள். வரிசை டீக்கடையைத் தாண்டிப் போயிற்று. வட்டார சுகாதார நிலையத்திலிருந்து வந்த டாக்டரம்மா, இந்த ஊரில் இவ்வளவு பருவா என்று மலைத்துப்போனார். பெஞ்சில் இருந்தவர்கள் யாருக்கு எவ்வளவு பரு என்று பார்த்துப் பார்த்துக் கண் வலித்து, டீயைக் குடிக்க ஆரம்பித்தார்கள். பையன்கள் உள்ளே போகும்போது கன்னத்தைத் தடவிக்கொண்டே போனார்கள். கதவு மூடியதும் கேள்வி வேறாக இருந்தது. வெளியே வரும்போது முகத்தில் ஒரு தெளிவு. ஒரு பெண் பிள்ளைக்கு ரத்தம் ரொம்பக் குறைவு என்று தெரிந்து அன்றே மாத்திரை ஆரம்பித்தார்கள். இன்னொருத்தி, தனக்கு இன்னும் வரவில்லை என்றவள், உனக்கு இன்னும் நேரம் இருக்கிறது, தள்ளிப்போனாலும் பார்ப்பதற்கு நான் இருக்கிறேன் என்று டாக்டரம்மா சொன்னதும், ஓடி வந்து தெருவிலேயே தோழியைக் கட்டிக்கொண்டு குதித்தாள். எதற்குக் குதிக்கிறாள் என்று டீக்கடைக்குப் புரியவே இல்லை.

வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த சபிஹா அடுத்த செவ்வாய்க்கிழமை ஒரு முகத்தைப் பார்த்துத் திகைத்துப் போனாள். தஹ்மீனா, இரண்டு தோழிகளோடு. தாயை யாரோ ஒரு ஊழியரைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"என்னத்துக்கும்மா வந்திருக்க?" என்றாள் சபிஹா, எல்லாரிடமும் கேட்பது போலவே.

"பரு" என்றாள் தஹ்மீனா. அந்த முகத்தில் மருந்துக்கு ஒரு பரு கிடையாது.

சபிஹா டோக்கனைக் கொடுத்துவிட்டு, கவிப்ரியாவிடம் கண்ணால் சொல்லிவிட்டு, விக்கல் வருவதற்குள் கட்டிடத்தின் பின்பக்கம் அடிபம்புக்குப் போய்விட்டாள். மகள் உள்ளே என்ன கேட்டாள் என்று அவள் அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. உள்ளே பேசியது வெளியே போகாது என்று எழுதியவளே அவள்தானே. ஆனால் அன்று ராத்திரி தஹ்மீனா தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கே வந்து உட்கார்ந்தாள். இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தும்மா என்றாள்.

மாசியில் வேதாரண்யம் பக்கமிருந்து ஒரு பேரூராட்சிப் பெண் உறுப்பினர் சபிஹாவுக்கு போன் செய்தார். கொள்கை நகலை அச்சுதன் அனுப்பிவைத்திருந்தார், படித்துவிட்டாராம். எல்லாம் பிடித்திருக்கிறது, அப்படியே நிறைவேற்றப் போகிறோம், ஒரே ஒரு சந்தேகம்தான் என்றார்.

"எங்க ஊரு தண்ணி உப்புத் தண்ணிங்க. பசங்களுக்குப் பருவைவிட முடி கொட்டுறதுதான் பெரிய கவலை. பருவுக்குப் பதிலா முடின்னு வெச்சுக்கலாமா?"

சபிஹாவுக்கு விக்கல் வந்தது. அந்தப் பக்கம் போனைக் காதில் வைத்திருந்த பெண்ணுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் அவருக்கும் தொற்றிக்கொண்டது.

"வெச்சுக்கங்க" என்றாள் சபிஹா, மூச்சு வாங்கிக்கொண்டு. "தாராளமா வெச்சுக்கங்க."